12 வருடம், 4 கைப்பிடிகள்: பழைய காரின் கண்ணாடியோடு என் அனுபவம்

பழைய கார் வாங்கப்போகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "கையால் சுற்றும் ஜன்னல் கண்ணாடியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, மோட்டார் போட்டுவிடலாமா?" எஞ்சின், பிரேக், கியர் பற்றி அவர் கேட்கவில்லை. அதெல்லாம் அவருக்கே தெரியும். நானும் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. இந்த 12 வருடத்தில் இந்தக் காரில் எனக்கு அதிகம் கோபம் வரவைத்ததும் அதிகம் சந்தோஷம் கொடுத்ததும் கதவுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கண்ணாடிப் பொறிதான்.

முதல் 3 வருடம் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி ஏறும்போது கடைசி நாலு விரல்கடை தூரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து கைப்பிடியைப் பலமாகத் திருப்பினால் 'கட்டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டறையில் விட்டேன். அவர்கள் கண்ணாடி ஓடும் சேனல் முழுக்க கிரீஸ் தடவி அனுப்பினார்கள். ஒரு மாதம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புறம் முன்பைவிட மோசம். மறுபடி போனேன், மறுபடி கிரீஸ். இதை இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது. ஆனால் நியாயமாகப் பார்த்தால், நடுநடுவே நானும் கையில் கிடைத்த எண்ணெயை எல்லாம் அந்த ரப்பரில் அடித்திருக்கிறேன். பழியில் பாதி என்னுடையது.

கண்ணாடியின் இரண்டு ஓரங்களும் ஓடுவது துணி மாதிரி மெத்தென்ற உறை போட்ட ரப்பர் சேனலில். கைப்பிடியைச் சுற்றும்போது கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். அதற்குக் கிரீஸ் வேண்டும், ஏனென்றால் அது இரும்போடு இரும்பு உரசும் இடம். சேனலில் அதே கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் மெழுகாக இறுகிவிடும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும். ஊதிய ரப்பர் கண்ணாடியை இறுக்கும். இறுகியதை நாம் கைப்பிடியால் ஜெயிக்கப் பார்ப்போம். அந்த பலத்தில் கைப்பிடியின் உள்பற்கள் தேயும், கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கை வளையும், அதன் முனையில் உருளும் ரோலர் தடத்தை விட்டு வெளியே வரும். சிக்கிய கண்ணாடியில் ரெகுலேட்டர் தானாகக் கெட்டுப்போய்ப் பார்த்தது எனக்கு அபூர்வம். பெரும்பாலும் நாம்தான் அதைக் கெடுக்கிறோம்.

4 வருடம் ஆனபோது நானே கதவைத் திறந்தேன். கைப்பிடியில் வெளியே ஸ்க்ரூ எதுவும் தெரியவில்லை. பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கும். மெல்லிய துணியைக் கைப்பிடிக்கும் கதவின் உள் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் துள்ளி விழும். விழும் இடத்தில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன், கண்ணாடி முழுக்க ஏறிய நிலையில் கைப்பிடி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துவைப்பதும் அவசியம். தப்பாக மாட்டினால் தினமும் முழங்காலில் இடிக்கும்.

உள்ளே பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கைப்பிடித் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது அரைவட்டமாக வெட்டிய பெரிய பற்தகட்டைத் திருப்புகிறது. தகட்டோடு சேர்ந்த கத்தரிக்கோல் கைகள் விரிந்து சுருங்கி, ரோலர்கள் வழியே கண்ணாடியைத் தூக்குகின்றன. கண்ணாடியின் எடையைத் தாங்க ஒரு பெரிய சுருள்வில். இதையெல்லாம் விட என்னை மயக்கியது கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் ஒரு ஸ்பிரிங் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடிப் பக்கமிருந்து திருப்பினால் அது சுருங்கிச் சுவரை விடுகிறது, கண்ணாடி நகர்கிறது. கண்ணாடியைக் கீழே அழுத்தினால் அதே ஸ்பிரிங் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது, அசையாது. எங்கே நிறுத்தினாலும் கண்ணாடி அங்கேயே நிற்பதற்கு இவ்வளவுதான் காரணம். மின்சாரமும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். இத்தனை வருடமாக அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன், இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாமல்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். கண்ணாடியை ரோலரிலிருந்து விடுவித்து மேலே முட்டுக் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் ரெகுலேட்டர் மேல் தப்பில்லை. பிறகு கண்ணாடியை மட்டும் கையால் ஏற்றி இறக்குங்கள். எனக்கு அது அசையவே இல்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மெல்லிய மரக்குச்சியில் சுற்றிச் சேனலைத் தேய்த்தேன். கருப்புக் கருப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒரு மதியம் முழுக்கப் போனது. காய்ந்த பிறகு சிலிகோன் ஸ்பிரே மட்டும் அடித்தேன், ரப்பரை அது ஒன்றும் செய்யாது. பற்களுக்கும் ரோலருக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் சருகும் மண்ணும் அடைத்திருந்தன, குத்தி எடுத்தேன். உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அட்டையை ஊறவைக்கும்.

ரெகுலேட்டரை வெளியே எடுப்பதாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பெரிய சுருள்வில் இறுகிய நிலையில் இருக்கிறது. பற்தகட்டைப் போல்ட் போட்டோ கிளாம்ப் வைத்தோ அசையாமல் கட்டாமல் கழற்றினால் அந்தக் கத்தரிக்கோல் கைகள் சடாரென்று திரும்பும். விரல் போய்விடும். இதில் அவசரம் கூடவே கூடாது.

அன்று சாயங்காலம் கைப்பிடியை இரண்டு விரலால் சுற்றினேன். கண்ணாடி மேலே போய் ரப்பரில் 'தப்' என்று உட்கார்ந்தது. 8 வருடம் ஆகிறது, இன்றும் அதே சத்தம்தான். மூன்று கதவுகளுக்கு இதே வைத்தியம் பலித்தது.

இப்போது மோட்டார் விஷயம். சேனல் இறுகியிருந்தால் மோட்டாரும் திணறும். எங்கே இறுக்குகிறது என்று கைக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. அது இழுத்துக்கொண்டே இருந்து பற்களைத் தின்னும், இல்லையென்றால் சூடேறி நிற்கும். ஆக எப்படியும் முதலில் சேனலைச் சரிசெய்தாக வேண்டும். சரிசெய்துவிட்டால் கைப்பிடியே போதும். இதுதான் நண்பருக்கு நான் சொல்ல வைத்திருந்த பதில்.

ஆனால் நேற்று இடது பின்கதவு மறுபடி நின்றுவிட்டது. நான்காவது கதவு. இதில் நடுவே ஒரு செங்குத்துக் கம்பி கண்ணாடியைப் பிரிக்கிறது. அதில் இருக்கும் சேனலுக்குச் சரியான அளவு எங்கும் கிடைக்காமல், கிடைத்ததை வெட்டி ஒட்டினேன். கண்ணாடியின் அடித்தகடு துருவேறி முன்முனையில் கழன்றிருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்த மேசை இழுப்பறை மாதிரி கண்ணாடி சாய்ந்து சிக்கிக்கொள்கிறது. மழையில் நின்றபடி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியின் இரு பக்கமும் அழுத்தி மட்டமாக மேலே தள்ள, உள்ளே மனைவி கைப்பிடியைச் சுற்ற, ஒரு விரல்கடை மீதி இருக்கும்போது நின்றது. அதற்கு மேல் நான் தள்ளவில்லை. பக்க ஜன்னல் கண்ணாடி டெம்பர் செய்தது, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துப் பலப்படுத்தியது. உடைந்தால் முழுதும் பொடிப்பொடியாகக் கொட்டும், வெட்டி ஒட்ட முடியாது.

பின்சீட்டு நனைந்துவிட்டது. சாயங்காலம் நண்பர் மறுபடி கூப்பிட்டார். மோட்டாரே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.