குடமா, ட்ரோனா, அதே தெருமுனையா? ஆள் முகம் காட்டாமல் நகரத்தைப் படமெடுக்கும் வழிகள்

தண்ணீர்ப் பஞ்சம், குடிசை அகற்றல், ஏற்றத்தாழ்வு இவற்றையெல்லாம் படமெடுக்கும்போது முகங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கட்சி. கஷ்டத்தில் இருப்பவரிடம் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்கத் தயங்குவார். அந்தப் படமோ அவர் பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடும்போதும் இணையத்தில் கிடக்கும்.

சரி, ஆள் இல்லாமல் எப்படிச் சொல்வது? பலர் முதலில் எடுப்பது பொருட்களைத்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அப்போது தெருத்தெருவாக லாரிக்குக் காத்திருந்தவை பிளாஸ்டிக் குடங்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவது நம் ஊர் வழக்கம் என்பதால், ஒவ்வொரு குடமும் ஒரு வீட்டுக்காக நிற்கிறது. ஆனால் பச்சையும் ஆரஞ்சுமாக அந்த வரிசை அழகாகவும் இருக்கிறது. பார்ப்பவர் நிறத்தை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பின்னால் காற்று மட்டும் வரும் அடிபம்போ, தனியார் லாரி நுழையும் அடுக்குமாடி வாசலோ படத்தின் சட்டத்துக்குள் வந்தால்தான் காரணம் தெரியும்.

ட்ரோன் படத்தில் அந்தக் குறை இல்லை. புகைப்படக்காரர் ஜானி மில்லர் 2016-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எடுத்தவற்றைப் பாருங்கள்: ஒரு பக்கம் மசிபுமெலேலேயின் நெருக்கமான தகரக் கூரைகள், மறுபக்கம் லேக் மிஷெலின் பெரிய வீடுகள், நடுவே சதுப்புநிலம். நிறவெறிக் காலத்துத் திட்டமிடல் ஒரே பார்வையில் புரிகிறது. ஆனாலும் நம் குடிசைப் பகுதிகளுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட நான் சம்மதிக்க மாட்டேன். அங்கே பெண்கள் குளிக்கும் மறைப்புகள் பலவற்றுக்குக் கூரை கிடையாது. முகம் வேண்டாம் என்று கிளம்பியவர் அதைவிட மோசமானதைச் செய்துவிடக்கூடும். தலைக்கு மேல் ஏதாவது பறந்தாலே 'இடிக்க அளக்கிறார்கள்' என்ற பயமும் வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், ஆண்டுக்கணக்கில் எடுப்பது. புகைப்படக்காரர் கமிலோ ஹோசே வெர்காரா நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு கடை வாசலை 1977 முதல் இப்படித் தொடர்ந்து எடுத்தார். மதுக்கூடமாக இருந்தது சின்னக் கடைகளாகி, பின்னர் மெத்தைக் கடையானது. யார் போனார்கள், எந்தப் பணம் வந்தது என்பதைப் பெயர்ப்பலகைகளே சொல்லிவிடுகின்றன.

நம்மூரில் இதற்கு இன்னும் அதிகத் தேவை இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் கூவம், அடையாறு கரைக் குடும்பங்கள் பல தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. இன்று அந்தக் கரையைத் தனியாக எடுத்தால் வேலியும் புதரும்தான். பழைய படம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அங்கே ஒரு தெரு இருந்ததும், அதை அகற்ற ஒரு முடிவு எடுக்கப்பட்டதும் தெரியும். குடத்தாலும் ட்ரோனாலும் இதைக் காட்ட முடியாது.

பொறுமை வேண்டும்தான், செலவு இல்லை, செல்போனே போதும். முதல் படத்தின் பிரதியைக் கையோடு கொண்டுபோய், ஒரு மின்கம்பத்தையோ கோயில் கோபுரத்தையோ அடையாளமாக வைத்து அதே லென்ஸில், அதே நேரத்தில் எடுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மக்கள் இன்னும் குடியிருக்கும் தெரு என்றால் வெளியிடும் முன் கதவு எண், வண்டி எண், படத்தோடு சேர்ந்து வரும் ஜிபிஎஸ் (எடுத்த இடத்தின்) விவரம் மூன்றையும் நீக்கிவிடுங்கள். முகம் இல்லாவிட்டாலும் அவற்றை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.