டர்பனில் ஆய்வுக் கட்டுரையை ஃபார்மேட்டிங்குக்குக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

ஓவர்போர்ட் பக்கம் ஒருவர் ‘தீசிஸ், ஆய்வுக் கட்டுரை ஃபார்மேட் செய்து தரப்படும்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போடுகிறார். பெயர் போடவில்லை. அவரிடம் 2,400 ராண்ட் கொடுத்து நான் ஏமாந்த கதை இது.

என் கட்டுரை இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் சர்க்கரை நோய் பற்றியது. மருத்துவ இதழ், அதனால் வான்கூவர் பாணி. உரையில் முதலில் வரும் சான்றுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் போக வேண்டும். சான்றுகளைச் சேகரித்து எண் போடும் ஜோட்டரோ மென்பொருளில் போட்டுத் தருவதாகவும், நடுவில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்கள் தானாக நகரும் என்றும்தான் பேச்சு. ஃபைல் பார்க்க லட்சணமாக வந்தது. அப்புறம் இதழின் மதிப்பீட்டாளர் முன்னுரையில் இரண்டு சான்றுகளைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஒரு எண்ணும் அசையவில்லை. அத்தனையும் வெறும் எழுத்து.

கேட்டால், “அண்ணா, ஜர்னல்ல ஃபீல்டு கோடு இல்லாமத்தான் கேப்பாங்க” என்றார். ஃபீல்டு கோடு என்றால் எண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்து அதை ஜோட்டரோவோடு இணைக்கும் குறியீடு. அவர் சொன்னது பாதி உண்மை. கடைசிப் பிரதியைச் சில இதழ்கள் அப்படிக் கேட்பதுண்டு. ஜோட்டரோவில் அந்த இணைப்பை நீக்கும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ பொத்தான் இருப்பதே அதற்குத்தான். ஆனால் தொழில் தெரிந்தவர் அதை ஒரு நகலில்தான் அழுத்துவார். மூல ஃபைலைக் கேட்டேன், சிஸ்டம் கிராஷ் ஆகிவிட்டதாம். திரும்பச் செய்ய இன்னும் 900 ராண்ட் வேண்டுமாம்!

அட்டவணைகளில் பண்ணியது இதைவிட மோசம். அட்டவணையில் மட்டும் வரும் சான்றுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்துத்தான் எண் தர வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் முறை அது. மென்பொருளுக்கு இது தெரியாது. ஃபைலில் எது முன்னால் இருக்கிறதோ அதற்கு முதல் எண். அட்டவணைகளைக் கடைசியில் வைத்தால் அவற்றின் சான்றுகளுக்கும் கடைசி எண்கள்தான் விழும். அதனால் எண்கள் முடிவாகும்வரை அட்டவணையை உரைக்குள்ளேயே வைத்திருந்து, இணைப்பை நீக்கிய பிறகு பின்னால் நகர்த்த வேண்டும். இவருக்கு அந்த விஷயமே தெரியவில்லை.

வேறு யாரிடமாவது கொடுத்திருக்கிறீர்களா? பணம் தருமுன் வேர்டில் ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எண் இருந்த இடத்தில் ‘ஆட்இன் ஜோட்டரோ’ என்று தொடங்கும் நீளமான குறியீடு தெரிந்தால் சரி. எண் எண்ணாகவே நின்றால் காசு கொடுக்காதீர்கள். இன்னும் சந்தேகமா? ஒரு நகலில் பின்பகுதிப் பத்தி ஒன்றை முன்னால் கொண்டுவந்து ஜோட்டரோவின் ‘ரெஃப்ரெஷ்’ கொடுங்கள், எண்கள் மாற வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரெஃபரன்ஸ் பட்டியலிலுள்ள டிஓஐ எண்களை (கட்டுரைகளுக்கான நிரந்தர இணைய அடையாள எண்கள்) ஜோட்டரோவின் மந்திரக்கோல் பொத்தானில் மொத்தமாக ஒட்டினால் நூல்விவரங்கள் வந்துவிடும். உரைக்குள் மட்டும் ஒவ்வொன்றாகக் கையால்தான் நுழைக்க வேண்டும். நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.