வலது கைக்கும் வருமா? வீட்டிலேயே செய்து பார்த்த நெயில் ஆர்ட் முறைகள்

நெயில் ஆர்ட் வீடியோக்களில் பெரும்பாலும் இடது கையைத்தான் காட்டுவார்கள். வலது கைப் பழக்கம் உள்ள யாருக்கும் இடது கை நகத்தில் எதை வரைந்தாலும் ஓரளவு வந்துவிடும். சிக்கல் வலது கையில்தான். அதை இடது கையால் வரைய வேண்டும். சாம்பார் சாதம் பிசைவதும், அரிசி களைவதும், பாத்திரம் தேய்ப்பதும் அதே வலது கைதான். ஆக, சுமாராகப் பூசப்பட்ட கைக்குத்தான் அதிக அடி.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்தேன். இரண்டாவது வாரத்திலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்த முறையானாலும் முதலில் வலது கைக்கு. அங்கே தேறினால்தான் இடது கைக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை வரை ரிமூவரைத் தொடாமல், ஐந்து நாள் சமையலறை வேலைக்குப் பிறகு என்ன மிச்சம் என்று பார்ப்பேன். கீழே வருவதெல்லாம் அந்த இரண்டு சோதனைகளை வைத்துச் சொல்வதுதான்.

முறைகளுக்குள் போகும் முன் ஒரு விஷயம், ஏனென்றால் என் முதல் நான்கு முயற்சிகள் கெட்டது இதனால்தான். சாதாரண நெயில் பாலிஷ் என்பது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரியான கரைப்பான்களில் கரைத்து வைத்திருப்பது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலம் மட்டும் நகத்தில் தங்கும். தடியாகப் பூசினால் மேல்பக்கம் முதலில் தோல் கட்டிவிடும், உள்ளே இருக்கும் கரைப்பானுக்கு வெளியேற வழியிருக்காது. குமிழ் வருவதும், தூங்கி எழுந்தால் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருப்பதும் அதனால்தான். ஒரு தடிப்பூச்சுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் பத்து நிமிடம். எந்த முறையைச் செய்தாலும் அடிப்பூச்சு நன்றாகக் காயாவிட்டால் மேலே வரைவது தங்காது.

முதலில் ஸ்பாஞ்ச், டேப் இரண்டையும் பார்ப்போம். வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே செய்யலாம் என்பதால் எல்லோரும் இவற்றில்தான் தொடங்குகிறார்கள்.

ஸ்பாஞ்சில் இரண்டு நிறங்களை அடுத்தடுத்துக் கோடாகத் தடவி நகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் கரைகிற மாதிரி வரும். ஸ்பாஞ்சை லேசாக ஈரமாக்கிக்கொண்டால் பாலிஷை அதிகம் உறிஞ்சாது. அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தால் நிறம் எடுப்பாக இருக்கும். ஒற்றுவதற்குக் கை நுணுக்கம் தேவையில்லை, அதனால் வலது கையிலும் அப்படியே வருகிறது. ஆனால் நகத்தைச் சுற்றியுள்ள தோல் முழுக்க நிறம் ஏறிவிடும். தோலில் முன்கூட்டியே ஃபெவிகால் தடவிக் காயவைத்தால் வேலை முடிந்ததும் உரித்து எடுத்துவிடலாம். முதல் முறை ஃபெவிகால் இல்லாமல் செய்துவிட்டு, சுத்தம் செய்ய மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

டேப் நேர்மாறு. தோலில் அழுக்கு ஆகாது, ஆனால் பொறுமையைக் கேட்கும். அடிப்பூச்சு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே மெத்தென்று இருக்கும். செல்லோடேப்பை எடுத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். முதல் நாள் இரவு அடிப்பூச்சைப் போட்டுவிட்டு மறுநாள் டேப் ஒட்டுவது உத்தமம். ஒட்டுவதற்கு முன் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும். மேல் நிறத்தைப் பூசியதும் அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரிக்க வேண்டும், காய்ந்தபின் உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும்.

டேப் வைத்துச் செய்ய எல்லோரும் ஆசைப்படுவது பிரெஞ்சு முனை: இளஞ்சிவப்பு நகம், நுனியில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஆர்லி நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் 1970களில் ஹாலிவுட் நடிகைகளுக்காக இதைப் பிரபலமாக்கினார். ஒவ்வொரு உடைக்கும் பாலிஷை மாற்றிக்கொண்டிருக்காமல் எல்லா உடைக்கும் ஒரே நகம் பொருந்த வேண்டும் என்பதுதான் நோக்கம். யோசனை அருமையானது. ஆனால் அந்த நடிகைகள் வத்தக்குழம்பு பிசைந்து சாப்பிடவில்லை. திங்கட்கிழமை மதியம் ஒரே ஒரு வேளை குழம்புச் சோறு, என் வலது கை வெள்ளைப் பட்டைகள் மூன்றும் மஞ்சளாகிவிட்டன. சோப்பு போட்டால் போகவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டு, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றபின் ஓரளவு வெளுத்தது, ஏனென்றால் மஞ்சளிலுள்ள குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஆனால் பழைய வெள்ளை திரும்பவில்லை. கையால் சாப்பிடுகிற வீட்டில் நுனியில் வெள்ளை வைக்காதீர்கள். அடர் பச்சை, மெரூன், கருநீலம், தங்கம் எதுவானாலும் தாங்கும். டேப்பை இடது கையால் நேராக ஒட்டுவதும் கடினம் என்பதால் இந்த முறையை நான் தொடரவில்லை.

அடுத்த இரண்டும் நேரடிப் போட்டியாளர்கள்: வாட்டர் மார்பிள், ஸ்டாம்பிங். வரையவே தெரியாதவருக்கு நகம் நிறைய வேலைப்பாடு தருவதாக இரண்டுமே சொல்கின்றன.

வாட்டர் மார்பிளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு பாலிஷ் விட்டால் அது மேற்பரப்பில் வட்டமாக விரியும். நடுவில் இன்னொரு நிறச் சொட்டு, அதன் நடுவில் மற்றொன்று. ஐந்தாறு வளையம் ஆனதும் பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் பூவிதழ் மாதிரி விரியும். நகத்தை அதன்மேல் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மேலே மிச்சமிருக்கும் படலத்தைக் குச்சியால் சுருட்டி எடுத்துவிட்டு, பிறகு விரலை வெளியே எடுக்க வேண்டும். சரியாக வந்த நகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது, அவ்வளவு அழகு.

சரியாக வருவதுதான் அரிது. என் வீட்டு போர் தண்ணீரில் சொட்டு விரியாமல் குண்டாக மூழ்கியது, ஆர்.ஓ. தண்ணீரில் விரிந்தது. ஃபிரிட்ஜ் தண்ணீர் ஆகாது, அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். பழைய, கெட்டியான பாட்டில் மூழ்கும்; புதிதாகத் திறந்தது மிதக்கும். மின்விசிறி ஓடினால் வளையம் ஐந்து ஆவதற்குள் முதல் வளையம் காய்ந்து, குச்சியால் இழுத்தால் கோந்துபோல மொத்தமாகக் கூடவே வரும். ஒவ்வொரு நகத்துக்கும் புதிதாக ஐந்தாறு சொட்டு, அதில் பாதிக்கு மேல் குப்பைக்கு. பத்து நகத்துக்கு இரண்டு மணி நேரம், மூன்று சின்ன பாட்டில்கள் கால்வாசி காலி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு கையும் சமம். அமிழ்த்துவதற்கு எந்தக் கையானால் என்ன? வலது கைச் சோதனையில் தேறி, செலவிலும் நேரத்திலும் தோற்ற ஒரே முறை இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முந்தைய நாள் செய்வேன். வாராவாரம் முடியாது.

ஸ்டாம்பிங்கில் ஒரு உலோகத் தகட்டில் பூ, கொடி, கட்டம் எல்லாம் பள்ளமாகச் செதுக்கியிருக்கும். பள்ளத்தில் பாலிஷைத் தடவி, பிளாஸ்டிக் அட்டையால் சாய்வாக ஒரு வழி வழித்து, சிலிகான் ஸ்டாம்பரால் உருட்டி எடுத்து நகத்தில் உருட்ட வேண்டும். பேனா, பொம்மை மேலெல்லாம் தொழிற்சாலையில் படம் அச்சிடும் பேட் பிரிண்டிங்கும் இதே வேலைதான். தகடு, ஸ்டாம்பர், அட்டை மூன்றும் சேர்ந்த செட்டை 250 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் நாள் ஒரு படம்கூட எழும்பவில்லை. தகடு மட்டமானது என்று முடிவுகட்டி எடுத்து வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து மின்தடை நேரத்தில் பொழுதுபோகாமல் மறுபடி எடுத்தபோது, கொடியின் மெல்லிய சுருள்கூடத் தெளிவாக எழும்பியது. முதல் நாள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு மெல்லிய பள்ளத்தில் இருக்கும் பாலிஷ் ஓரிரு நொடியில் காய்ந்துவிடும். தடவி, வழித்து, எடுத்து, பதிப்பது எல்லாமே மூச்சுவிடாமல் நடக்க வேண்டும். விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டேதான் செய்தாக வேண்டும்.

பாலிஷும் முக்கியம். கண்ணாடிபோல ஊடுதெரிகிற நிறங்கள் எழும்பாது. கெட்டியான கறுப்பு, வெள்ளை, உலோகப் பளபளப்புள்ள தங்கம், வெள்ளி நன்றாக எழும்பும். ஸ்டாம்பரை ரிமூவரால் துடைக்காதீர்கள், சிலிகான் மங்கிப்போய் பிறகு எதையும் எடுக்காது. டேப்பின் ஒட்டும் பக்கத்தில் ஒற்றினாலே சுத்தமாகிவிடும். கடைசியில் படத்தின்மேல் பூசும் நிறமில்லாத பாலிஷான டாப் கோட்டைப் பிரஷ் நகத்தில் அழுந்தாமல், சொட்டின்மேல் மிதக்கவிட்டுப் பூசாவிட்டால் படம் இழுபட்டுக் கலங்கும்.

வலது கைக்கு? தொடக்கத்தில் இடது கையால் ஸ்டாம்பரை உருட்டினேன், கொடி கோணலாக ஏறியது. பிறகு ஸ்டாம்பரை இடது கையில் அசையாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது விரலை அதன்மேல் உருட்டினேன். பழகிய கை அசைகிறது, பழகாத கை சும்மா பிடிக்கிறது. அன்றிலிருந்து இரண்டு கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மார்பிளுக்கும் ஸ்டாம்பிங்குக்கும் நடுவில் எனக்கு இனி யோசனையே இல்லை, ஸ்டாம்பிங்தான்.

ஸ்டிக்கர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து நிமிட வேலை. ஓரத்தை நன்றாக அழுத்தி டாப் கோட் போட்டால்கூட பாத்திரம் தேய்க்கும் வீட்டில் மூன்றாம் நாள் ஓரம் தூக்கும். ஒட்டு நகம் கல்யாணத்துக்கு ஒரு நாள் போட நல்லது, அழகும்கூட. ஆனால் நீளமான நகத்துக்குள் சோறு போய் அடையும், கழற்றும்போது அவசரப்பட்டுப் பிடுங்கினால் சொந்த நகத்தின் மேலடுக்கே பிய்ந்து வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு மெதுவாக நெம்ப வேண்டும்.

ஜெல் பாலிஷை வீட்டில் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை. அது ஆவியாகிக் காய்வதில்லை. விளக்கின் ஒளி பட்டதும் அதிலுள்ள அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இறுகுகின்றன. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். இதைப் பற்றி 2018இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் எச்சரித்தது, குறிப்பாக வீட்டில் பயன்படுத்தும் கிட்டுகளைச் சொல்லி. வந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது. பல் சிகிச்சையிலும் எலும்பு அறுவை சிகிச்சையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் பயன்படுவதால் பிற்காலத்தில் அங்கேயும் தொல்லை. ஜெல் இறுக உதவும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. தேர்ந்த கை தோலில் படாமல் பூசும். என் இடது கை என் வலது கை நகத்தில் பூசும்போது தோலில் படாமல் இருந்ததே இல்லை. அந்த ஒன்று போதும் வேண்டாம் என்பதற்கு.

மிச்சமிருப்பது புள்ளி. எல்லாவற்றையும்விட எளியது என்பதால் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தேன். ஹேர்பின்னின் உருண்டை முனை பெரிய புள்ளிக்கு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா நடுத்தரத்துக்கு, குண்டூசித் தலை சிறியதற்கு. பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு பாலிஷ் விட்டு, முனையை நனைத்து, செங்குத்தாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை நனைத்தால் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று புள்ளி வரும், அதுவே ஒரு வரிசை. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, சுருட்டிய துண்டின்மேல் விரலை வைத்துக்கொண்டால் இடது கை நடுங்குவது பாதி குறையும். கோடு வளைந்தால் தப்பென்று தெரியும். புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தால் அங்கே இன்னொன்று வைத்தால் ஆயிற்று. ஊருக்கு வந்திருந்த அக்கா மகள், ஆறு வயது, பக்கத்தில் உட்கார்ந்து, "சித்தி, நான் வைக்கிறேன்" என்று என் வலது கை முழுக்க வைத்தாள். அந்த வாரம் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது அந்தக் கையைத்தான்.

புள்ளி தடியாக இருப்பதால் டாப் கோட்டுக்கு முன் இருபது நிமிடம் விட வேண்டும். அடிப்பூச்சு நுனியில் பெயர்ந்தால் புள்ளியும் சேர்ந்து போகும் என்பது மட்டும்தான் குறை. அம்மாவுக்கும் அதுதான் கவலை: "மாவு பிசையற கையிலேருந்து உதிர்ந்தா அது எங்கடி போகும்?" சரியான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

பதில் அம்மாவின் அம்மியில் இருந்தது. ஆடியில் மருதாணி அரைத்தபோது பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டேன். இடது கையால் வலது விரலுக்குத் தொப்பி வைக்க எந்தத் திறமையும் வேண்டாம். இலையிலுள்ள லாசோன் என்ற நிறமி நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடும். தோலில் இரண்டு வாரத்தில் மங்கிவிடும் நிறம், நகத்தில் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும். உதிர அதில் படலமே இல்லை. மஞ்சள் கறை அந்தச் செம்மண் நிறத்தில் தெரியவும் தெரியாது. அதையே அடிப்பூச்சாக வைத்துக்கொண்டு மேலே தங்கநிறப் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி பெயர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் வைத்தால் போதும். அரைத்த மருதாணியோ சுத்தமான இலைப்பொடியோ பயன்படுத்துங்கள், கடையில் விற்கும் கறுப்புக் கோன் வேண்டாம். அதில் கலக்கப்படும் பிபிடி என்ற சாயம் தோலைப் புண்ணாக்கலாம். மருதாணி எடுத்தபின் எண்ணெய் தடவுவது வழக்கம், ஆனால் புள்ளி வைப்பதற்கு முன் ரிமூவரால் ஒருமுறை துடைத்துவிட்டால்தான் பாலிஷ் பிடிக்கும்.

நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். மூன்றாவது வாரத்தில் அடியில் வெளிர்ப் பிறை தெரியத் தொடங்கியது. குண்டூசித் தலையால் அந்தப் பிறையின் விளிம்பிலேயே ஏழு புள்ளி வைத்தேன், வலது கைக்கு முதலில்.