2002 மாருதி 800: எல்லாம் கிடைக்கிறது, ஆயில் கேஜைத் தவிர

போன வாரம் தாம்பரத்திலிருந்து மச்சான் போன் செய்தான். அவன் தெருவில் ஒருவர் 2005 மாடல் 800 ஒன்றை விற்கிறாராம், 55,000 சொல்கிறாராம். "மாமா, நீங்க இருபது வருஷத்துக்கு மேல அதே வண்டியத்தான ஓட்டுறீங்க, வாங்கலாமா?" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று விட்டுப் பார்க்கிற தகடான ஒரு ஆயில் கேஜுக்காக ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து முடித்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவனுக்குப் போனில் சொன்னதையும், பக்கத்தில் அவன் அக்கா நின்றதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 800 எப்படி இருக்கும் என்று தெரியாதவர் யார்? என்னுடையது 2002 பதிவு, 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பதினைந்து வருடம் முடிந்ததும் 2017இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தேன், 2022இல் மறுபடியும். அடுத்தது 2027. இத்தனை வருடத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தது இரண்டே தடவை. 2014 ஜனவரியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கை நீட்டினால் கிடைக்கிறது. 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டியாயிற்றே. கிளட்ச் பிளேட் மாற்றிய செலவை அலுவலகத்தில் சொன்னபோது, பெரிய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு தகடு கிடைக்கவில்லை. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் இரண்டு கோடு, அவ்வளவுதான்.

தொலைந்த கதை இது. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் ஆயில் மாற்றிக்கொண்டு மறுநாள் காலை விழுப்புரம் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டுவதற்குள் வண்டிக்குள் எண்ணெய் தீய்ந்த வாசனை. யாரோ சாலையோரம் வடை சுடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டீக்கடை ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கினால், உள்பக்கம் முழுக்கத் தேன் நிறத்தில் பொடிப்பொடியாகத் துளிகள். பேட்டரி மேல், ஒயர் மேல், பானட்டின் அடியில், எங்கும். சைலன்சர் பக்கம் லேசாகப் புகை. கேஜ் இருக்கவேண்டிய குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஆயில் மாற்றிய பையன் கேஜை எடுத்துத் துடைத்து எங்கேயோ வைத்தவன் திரும்பச் சொருகவில்லை. இன்ஜின் ஓடும்போது உள்ளே காற்றழுத்தம் இருக்கும். அடைப்பு இல்லாவிட்டால் அந்தக் காற்று எண்ணெயையும் சேர்த்துத் துப்பும். டீக்கடைக்காரர் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மடித்துக் குழாயின் வாயில் மாட்டி, கம்பியால் சுற்றி, அதோடுதான் விழுப்புரம் போய் வந்தோம். பட்டறையில் கேட்டால் "வெச்சோமே சார்" என்றார்கள். அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

கேஜ் இல்லாவிட்டால் என்ன, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைப் பார்ப்பது, அளவைப் பார்ப்பது அல்ல. பம்ப் உறிஞ்ச எண்ணெய் இல்லாமல் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங்குக்கு ஆகவேண்டியது ஆகியிருக்கும். அளவைச் சொல்ல இந்த வண்டியில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான்.

சரி, வாங்கிவிடலாம் என்று ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "800ஆ, ஆம்னியா? ரெண்டும் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். எழுபது ரூபாய். அவர் சொன்னது பாதி உண்மை. 800, மாருதியின் ஆம்னி வேன் இரண்டிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். ஆனால் 800இல் அது முன்னால் குறுக்குவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆம்னியில் முன்சீட்டுக்குக் கீழே நீளவாக்கில் இருக்கிறது. ஆம்னியில் ஆயில் பார்க்க சீட்டைத் தூக்கவேண்டும் என்பது அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். இன்ஜின் உட்காரும் விதம் மாறினால் குழாயின் வளைவும், அடியில் ஆயில் தங்கும் சேம்பரில் தகடு போய் நிற்கும் ஆழமும் அப்படியேவா இருக்கும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. உள்ளே போனது, போதும் என்று வந்துவிட்டேன்.

உள்ளே போனதே தவிர முழுசாக உட்காரவில்லை. குழாயின் வாய்க்கும் கேஜின் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. நுனியும் அதே ஒரு விரல் மேலேதான் நிற்கும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் காலை எடுத்துத் துடைத்து, விட்டுப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வழியில் துப்பியது போகக் குறைந்திருக்கும் என்று முக்கால் லிட்டர் ஊற்றினேன்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். தகட்டில் அது இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஒரு விரல் பிசகினால் அரை லிட்டருக்கு மேல் பிசகு. மூன்று லிட்டருக்குள் அடங்குகிற சின்ன சேம்பரில் அது சின்ன விஷயமில்லை. அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயில் மோதி மோர் கடைகிற மாதிரி நுரையாக அடித்துவிடும். நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. ஆயில் அதிகமாக இருந்தும் இன்ஜினுக்கு ஆயில் போதாத நிலைமை.

மூன்றாம் நாள் சிக்னலில் நின்றபோது பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "சார், புகை!" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், நீலப் புகை, ஆயில் எரிகிற புகை. என் வண்டியிலிருந்து நான் பார்த்த முதல் நீலப் புகை அது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜின் வேலை வந்துவிட்டது என்று அன்றிரவு தூக்கம் இல்லை. காலையில் நம்ம பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் புகையைப் பார்க்கவே இல்லை. கேஜை உருவி வெளிச்சத்தில் பிடித்து, "இது யாரு சார் குடுத்தது? ஆம்னியோடது மாதிரில்ல இருக்கு" என்றார். சேம்பர் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் எண்ணெயை இறக்கினார். இரண்டு நாளில் புகை நின்றது.

அப்புறம் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கிற புதுப்பேட்டை. சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவன் எப்படியும் ஒருநாள் அங்கே போய் நிற்பான். ஒரு கடையில் கேஜ் மட்டுமே ஒரு சாக்கு நிறைய இருந்தது, முருங்கைக்காய் கட்டி வைத்த மாதிரி. தரையில் கொட்டி "தேடிக்கோங்க" என்றார்கள். கழுத்து சரியாகப் பொருந்துகிற ஒன்று கிடைத்தது, ஐம்பது ரூபாய். நன்றாக உட்கார்ந்தது. சந்தோஷமாக மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் நுனியை நகத்தால் தடவினார். ஆக்சா பிளேடால் அறுத்த பிசிறு. எந்த வண்டிக்கோ நீளம் அதிகமாக இருந்து யாரோ வெட்டியிருக்கிறார்கள். கீழ்க்கோடே அதில் இல்லை. பார்த்து வாங்காதது என் தப்பு, கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை.

கடைசியில் செய்ததுதான் முதல் நாளே செய்திருக்கவேண்டியது. ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு கம்பெனி பார்ட்ஸ் கவுன்டருக்குப் போய் சேசிஸ் நம்பரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டி, பார்ட் நம்பர் எடுத்து, ஆர்டர் போட்டுப் பதினோரு நாளில் வந்தது. 180 ரூபாய். கவர் பிரிக்காத புதுக் கேஜ். மருமகள் நகையைப் பார்க்கிற மாமியார் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போதும் நம்பவில்லை. சரியான கேஜா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி எண்ணெயை அளந்து பார்ப்பதுதான். மெக்கானிக்கும் நானுமாகப் பழைய ஆயிலை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன அளவை அளவுக்குவளையில் அளந்து ஊற்றினோம். ஃபில்டரும் கொஞ்சம் குடிக்கும் என்பதால் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கப் பத்து நிமிடம் விட்டோம். சமதளம்தானா என்று அவர் தரையில் ஒரு நட்டை உருட்டி வேறு பார்த்தார். கேஜை எடுத்துப் பனியன் துணியில் துடைத்து, விட்டு, எடுத்தோம். புது எண்ணெய் புதுத் தகட்டில் சுலபமாகத் தெரியாது. சாய்த்து வெயிலில் பிடித்தால் மேல்கோட்டில் நூல் பிடித்த மாதிரி நின்றது. "இனிமே இத யார் கையிலயும் குடுக்காதீங்க" என்றார்.

ஆம்னி கேஜ் வீட்டில்தான் இருக்கிறது. சமையலறைத் தொட்டியில் அடைப்பு வந்தால் அதை விட்டுத்தான் எடுக்கிறோம். எழுபது ரூபாய்க்கு நல்ல பொருள்.

சரி, மச்சானுக்கு என்ன சொன்னேன்? செலவு வைக்காத வண்டி, கைக்கு அடக்கமான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிங் போடலாம் என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். நான் ஐந்து வாரம் அலைந்தேன்; அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இரண்டாவது நாளே எனக்குத்தான் போன் வரும். அவன் அதையெல்லாம் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகிறானாம், என்னையும் வரச் சொல்கிறான். போவேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து கேஜை உருவிப் பார்ப்பேன். கழுத்து குழாயின் வாயில் ஒட்டி உட்காரவேண்டும், இரண்டு கோடும் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஐயாயிரம் குறைத்துக் கேட்பேன்.