மேகத்துக்கு முன் மலையேற வேண்டும்: ரீயூனியன் எரிமலையைச் சுற்றி ஒருநாள் வழிகாட்டிச் சுற்றுலா

ரீயூனியன் தீவில் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதை நடத்துபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எரிமலையின் விளிம்பில் எங்களை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்? உணவு உண்டா, வேனில் குளிர்சாதனம் உண்டா, எத்தனை இடங்கள் காட்டப்படும் என்பவையெல்லாம் இதற்குப் பிறகு வருபவை. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகமாகி மலைமுகட்டை மூடிவிடும் தீவு அது. அந்த நேரத்துக்கு முன் மேலே போனவர்கள் எரிமலையைப் பார்க்கிறார்கள். பின்னால் போனவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்குச் சென்ற நானும் என் மனைவியும், அங்கிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் இந்தத் தீவில் ஒரு வாரம் தங்கினோம். ஆகஸ்ட் மாதத்தில் எடுத்துக்கொண்ட அந்த ஒருநாள் சுற்றுலாவில் நாங்கள் பார்த்தது மேகம் பாதி, மலை பாதி.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இத்தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைப் போல ஐந்து மடங்குதான். ஆனால் அந்தச் சிறிய பரப்புக்குள் 3,070 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலையான பித்தோன் தெ நேஜ், அதன் மூன்று பக்கங்களிலும் குடைந்தெடுத்தாற்போன்ற சிலாவோஸ், சலாசி, மஃபாத் பள்ளங்கள், தென்கிழக்கில் இன்றும் கொதிக்கும் 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. இந்த மலைகளும் பள்ளங்களும் செங்குத்துச் சுவர்களும் 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். சிலாவோசுக்கு மட்டும் நானூறு வளைவுகள் என்று பெயர் பெற்ற சாலை இருக்கிறது. அது தனியாக ஒரு நாளைக் கேட்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது கொதிக்கும் எரிமலையைக் கடிகார முள் சுழலும் திசையில் முழு வட்டமாகச் சுற்றிவரும் பயணம். எட்டுப் பேர் அமரும் வேன், ஓட்டுநரே வழிகாட்டி, மதிய உணவு உட்பட ஒருவருக்கு நூறு யூரோவுக்குச் சற்றுக் குறைந்த கட்டணம்.

முதற்குறை தொடக்கத்திலேயே நேர்ந்தது. மேற்குக் கரையில் சேன் ழில் நகரில் காலை ஆறே கால் மணிக்கு முதலில் ஏற்றப்பட்டவர்கள் நாங்கள்தான். அதன் பின் நான்கு விடுதிகளுக்கு வேன் சென்றது. ஒரு விடுதியில் ஒரு தம்பதியர் காலை உணவை முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். கடற்கரையை விட்டு நாங்கள் உண்மையில் புறப்பட்டபோது மணி ஏழு நாற்பது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனதற்கு வழிகாட்டியைக் குறைசொல்ல முடியாது, பயணத்திட்டத்தை வகுத்த நிறுவனத்தைத்தான் சொல்ல வேண்டும். மேகத்தின் நேரத்தை நன்கு அறிந்த உள்ளூர் நிறுவனமே இப்படிச் செய்வதுதான் வியப்பு.

மலையேற்றம் தொடங்கியதும் மனம் சற்று ஆறியது. சேன் பியேரிலிருந்து ஏறும் சாலையில் ஊர்களுக்குப் பெயரே கிலோமீட்டர்தான்: பத்தொன்பதாவது, இருபத்து மூன்றாவது, இருபத்தேழாவது என்று கடலிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டே அழைக்கிறார்கள். கரும்பு முடிந்து, வீடுகள் குறைந்து, மாடுகள் மேயும் பச்சைப் புல்வெளி வந்தபோது ஊட்டிக்கு வந்துவிட்டோமோ என்று மனைவி கேட்டார். இருபத்தேழாவது கிலோமீட்டரில் இருக்கும் புர் முராவில்தான் எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகம் உள்ளது. அது 1977 வெடிப்புக்குப் பின் 1979-இல் அமைக்கப்பட்டது. அங்கேயே எரிமலை அருங்காட்சியகமும் இருக்கிறது, ஆனால் எங்கள் பயணத்தில் அதற்கு இடமில்லை.

நே தெ பஃப் என்னும் காட்சிமுனையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நிலம் திடீரென்று இல்லாமற்போய், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே ஆற்றுப் படுகை ஒரு நூலாகத் தெரிகிறது. இவ்வளவு ஆழமாக ஆறு எப்படி அறுத்தது என்று கேட்டதற்கு வழிகாட்டி மழையைச் சுட்டிக்காட்டினார். சற்றுத் தொலைவில் உள்ள கொமெர்சோன் என்னும் பள்ளத்தில், 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது நான்கு நாட்களில் 4,936 மில்லிமீட்டர் மழை பதிவானது. நான்கு நாள் மழையில் உலகச் சாதனை அது. புதுச்சேரியில் மூன்று ஆண்டுகளில் பெய்யும் மழையை விட அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பள்ளத்தாக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

அதன் பின் வரும் ப்ளேன் தெ சாப்ல் என்னும் செம்பழுப்பு நிறச் சமவெளியைப் பற்றி எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் ஒருமுறை வாயடைத்துப்போகும். புல் இல்லை, மரம் இல்லை. கரித்தூளும் செங்கல் தூளும் கலந்து கொட்டியதைப் போன்ற தரையில் குண்டும் குழியுமான மண்பாதை நேராக ஓடுகிறது. வேன் குலுங்கியதில் பின்னிருக்கைப் பெண்மணிக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. வளைவுப் பாதையில் வயிறு புரளும் வழக்கம் உள்ளவர்கள் முன்னிருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பாதை முடியும் இடம் 2,311 மீட்டர் உயரத்தில் உள்ள பா தெ பெல்கோம்ப். மணி ஒன்பது ஐம்பது, வெளியே ஆறு டிகிரி.

அங்கே எங்களுக்குக் கிடைத்தவை இருபது நிமிடங்கள். செங்குத்துச் சுவரின் விளிம்பிலிருந்து கீழே கறுத்த லாவாத் தரை, அதில் பணியாரம்போல் உப்பி நிற்கும் ஃபோர்மிகா லெயோ என்னும் சிறு கூம்பு, அதற்கு அப்பால் மெல்லச் சரிந்து எழும் முதன்மைச் சிகரம். பிறகு கிழக்கிலிருந்து மேகம் தரையோடு தவழ்ந்து வந்து முதலில் சிகரத்தையும், பின் கூம்பையும், கடைசியில் எங்கள் முன்னிருந்த கைப்பிடியையும் விழுங்கியது. உள்ளே இறங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் கால் வைக்கக்கூட நேரமில்லை. அங்கேயே திரும்பிய இன்னொரு குழுவினர் எட்டு மணியிலிருந்து இருந்ததாகச் சொல்லி முகம் மலரப் படங்களைக் காட்டியது எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் மேகத்துக்குள் நின்றபடி வழிகாட்டி சொன்னவை பயணத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. 1768-இல் தீவின் ஆளுநராக இருந்த பெல்கோம்ப் இந்தச் சுவர்வரை வந்து இறங்க வழி தெரியாமல் நின்றார் என்றும், வழியைக் கண்டுபிடித்தவர் ழாக்கோப் என்னும் அடிமை என்றும், நெடுங்காலம் ஆளுநர் பெயர் மட்டுமே வழங்கிய இவ்விடத்துக்கு இப்போது பெல்கோம்ப்–ழாக்கோப் என்று இருவர் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்றும் கூறினார். அதே பெல்கோம்ப்தான் பின்னர் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து 1778-இல் ஊரை ஆங்கிலேயரிடம் இழந்தவர் என்பதை நான் சொன்னபோது அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதிலுக்கு அவர் கொடுத்தது இன்னும் பெரிய செய்தி. ரீயூனியனுக்குக் கீழே பூமிக்குள் கொதிக்கும் அதே வெப்பப் புள்ளியின் மேல்தான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு இருந்தது. தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகள் அப்போது வழிந்தவை. தட்டு வடக்கே நகர நகர, இலட்சத்தீவும் மாலத்தீவும் அந்தச் சூட்டின் தடங்களாக வழியில் விடப்பட்டன. அஜந்தாவைக் குடைந்த பாறையும் இங்கே காலடியில் கிடப்பதும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று அவர் தம் மொழியில் சொன்னதை நான் இப்படித்தான் தமிழில் புரிந்துகொண்டேன்.

விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருந்தது. முன்பதிவின்போது ஆங்கிலமும் உண்டு என்றார்கள். நடைமுறையில் பத்து வாக்கியப் பிரெஞ்சுக்கு ஒரு வாக்கிய ஆங்கிலம். எனக்குப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு கைகொடுத்தது. அது இல்லாதவர்கள் ஆங்கில வழிகாட்டி உறுதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கட்டணத்தின் பாதி வீண்.

மீண்டும் புர் முரா வந்து, தீவைக் குறுக்கே கடந்து கிழக்கே இறங்கினோம். காற்று மோதும் பக்கம் என்பதால் இங்கே எல்லாம் நனைந்த பச்சை. சேன்த் ரோஸ் அருகே 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்து, தேவாலயத்தின் வாசற்கதவைச் சுட்டு, சற்றே உள்ளே நுழைந்து நின்றுவிட்டது. கட்டடத்தைச் சுற்றி உறைந்த கருங்குழம்பு இன்றும் அப்படியே கிடக்கிறது. லாவாவின் அன்னை என்று பெயர் பெற்ற அந்த ஆலயத்தில் கால் மணி நேரம் போதும்.

மதிய உணவு ஒரு வீட்டின் தாழ்வாரத்தில். விறகடுப்பில் சமைத்த கோழிக் கறி, அவரை போன்றதொரு பயறு, கீரை, சோறு. கறியைக் காரி என்கிறார்கள். மேலே தொட்டுக்கொள்ளும் காரமான தக்காளிக் கலவை ருகாய், அது நம் ஊறுகாய் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று கொள்கிறார்கள். கீரைக்கு ப்ரேத் மூரும் என்று பெயர் சொன்னபோது இலையைப் பார்த்து முருங்கை என்று கண்டுகொண்டோம். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்களின் சமையலறை இன்னும் இங்கே அணையவில்லை. மனைவி சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். தனியாக எதுவும் செய்யவில்லை என்றாலும் பயறும் கீரையும் ருகாயும் வயிறார இருந்தன. குறை சமையலில் இல்லை, நேரத்தில். உணவும் அதன் பின் ரம் சுவைத்தலுமாக ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே கழிந்தது.

விளைவு, பயணத்தின் மணிமகுடமாக இருக்க வேண்டிய லாவாச் சாலைக்கு நேரம் சுருங்கியது. கிரான் ப்ரூலே என்னும் இந்தச் சரிவு வழியாகத்தான் எரிமலை கடலுக்கு வழிகிறது. சாலையைக் கடந்த ஒவ்வொரு ஓட்டத்தின் அருகிலும் அதன் ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்க்காமலே வயதைச் சொல்ல வழிகாட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்: வெறும் கறுப்பாக இருந்தால் புதியது, அதன் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெண்பூஞ்சணப் பாசி படர்ந்திருந்தால் சில ஆண்டுகள் ஆனது, இடுக்குகளில் பெரணி முளைத்திருந்தால் இன்னும் பழையது, சிறு மரங்கள் எழுந்திருந்தால் ஒரு தலைமுறை கடந்தது. கயிற்றை முறுக்கிப் போட்டது போன்ற வழவழப்பான பாறை எது, கையை வைத்தால் கிழிக்கும் சொரசொரப்பான கிராத்தோன் எது, குழம்பின் சூடும் வேகமும் அதை எப்படி மாற்றுகின்றன என்பதை உடைந்த துண்டுகளைக் கையில் கொடுத்தே விளக்கினார். 2007 ஏப்ரல் ஓட்டத்தின் மேல் ஏறியபோது, அடியில் பல ஆண்டுகள் சூடு தங்கியிருந்ததால் மழை நாட்களில் பாறை ஆவி விட்டுக்கொண்டே இருந்தது என்றார். அதே வெடிப்பில்தான் மலையுச்சியின் டொலோமியூ வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து விழுந்தது. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம்.

ஆனால் சேன் பிலிப்பில் வெனிலாக் கடைக்கு அரை மணி நேரம் இருந்தது. 1841-இல் எத்மோன் அல்பியூஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை இத்தீவில் கண்டுபிடித்த செய்தி கேட்கத் தகுந்தது. அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் முழுவதும் விலைப்பட்டியல்தான். தாழை இனத்தைச் சேர்ந்த வாக்கோவா மரங்கள் நிற்கும் காப் மேஷான் கரையில் கரும்பாறை மேல் அலை மோதுவதைப் பார்த்துவிட்டு வேனில் ஏறியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தென்கரையின் மீதியை இருட்டில் கடந்தோம். விடுதி வாசலில் இறங்கியபோது மணி ஏழு.

இரண்டு நாள் கழித்து, மனம் கேளாமல், வாடகைக் காரில் விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்குள் பெல்கோம்ப் போய்ச் சேர்ந்தோம். ஒரு துணுக்கு மேகம் இல்லை. படிகளில் இறங்கி ஃபோர்மிகா லெயோ வரை நடந்தோம். ஆனால் காலடியில் கிடந்தது எந்த வகைப் பாறை, சாம்பல் நிறப் பாசி எதைச் சொல்கிறது என்பதெல்லாம் அந்த வழிகாட்டி சொல்லித்தந்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எனவே வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, பயணத்திட்டத்துக்கு இரண்டு. வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கும் மலைச்சாலையை அஞ்சுபவர்களுக்கும் இந்தச் சுற்றுலாவையே பரிந்துரைப்பேன், தனிக் குழுவாக அமர்த்தி ஐந்து மணிக்குப் புறப்படும் ஏற்பாடு கிடைத்தால் இன்னும் நல்லது. கடற்கரை வெயிலை நம்பி அரைக்கைச் சட்டையோடு போகக் கூடாது. மேலே காற்று எலும்பைத் தொடும். வெடிப்பு நிகழும் காலத்தில் உட்புறத் தரையை அரசு மூடிவிடும் என்பதால், அப்போது கட்டணம் திரும்புமா, பாதை மாறுமா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். வேனில் வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்: சேன்த் ரோசிலிருந்து சேன் பிலிப் வரை எரிமலைச் சரிவு முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது.