பெர்கால்: மைக்ரோக்ளியா பிரிப்பவர்களுக்கு

சுண்டெலி மூளையிலிருந்து மைக்ரோக்ளியாவை (மூளையின் நோயெதிர்ப்புச் செல்களை) பிரிக்கும் நியூரோஇம்யூனாலஜி ஆய்வகங்களுக்குப் பெர்கால் பழைய நண்பன். செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் திரவம் இது; பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமர் பூசிய சிலிக்கா துகள்தான் சரக்கு. செல்களைக் காந்தத்தால் பிடித்துப் பிரிக்கும் காந்த மணி கிட்டுகள் வேலையைச் சுருக்கும், பர்ஸையும் சேர்த்துத்தான்.

பாட்டிலில் இருப்பதை அப்படியே பயன்படுத்தக்கூடாது. 9 பங்குக்கு 1 பங்கு, பத்து மடங்கு செறிவுள்ள பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) சேர்த்தால்தான் அது செல் தாங்கும் '100 சதவீதம்'. அதிலிருந்து 30, 70 சதவீதக் கரைசல்கள். செல்களை 30-இல் கலக்கி, 70-ஐ நீளமான பிப்பெட்டால் அடியில் மெல்ல விடுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள்: 500 ஜி (புவியீர்ப்பைப் போல 500 மடங்கு விசை), 30 நிமிடம், அறை வெப்பநிலை. பிரேக் கட்டாயம் பூஜ்யம்; மறந்தால் அடுக்கு குலைந்து அன்றைய எலி வீண்.

மேலே ஆடை போல மிதக்கும் மயலினை (நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையை) முதலில் உறிஞ்சிவிடுங்கள். இரண்டு கரைசலும் சந்திக்கும் இடத்தில் புகை மாதிரி மெல்லிய வளையம் தெரியும், தேடியது அதுதான். எடுத்ததை மூன்று மடங்கு பிபிஎஸ் விட்டு நீர்க்கச் செய்யாமல் சுழற்றினால் செல் அடியில் படியாது. "செல்லே வரலை" என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். குழாயின் அடியில் சிவப்பு தெரிகிறதா? பெர்காலைத் திட்டாதீர்கள். இதயம் வழியாக ரத்தத்தை ஒழுங்காகக் கழுவி வெளியேற்றவில்லை.