பின்சக்கரம் இடம் மாறாமல் 4 வருஷம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தோட்டம். பால் சொசைட்டி மேற்கே 4 கிலோமீட்டர். காலையும் மாலையும் கேரியரில் 2 கேனைக் கட்டிக்கொண்டு கியர் இல்லாத பழைய 28 இஞ்சு சைக்கிளில்தான் போகிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக மூஞ்சியில் அடிக்கும். எழுந்து நின்று மிதித்தால்தான் வண்டி நகரும். அந்த நேரம் பார்த்துத்தான் பின்சக்கரம் இடம் மாறும்.

செயின் இழுக்கிற இழுப்பில் அச்சின் வலது முனை முன்னே போகும். சக்கரத்தின் முன்பக்கம் இடதுபுறம் சாய்ந்து டயர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கம்பியில் உரசும். நான் கவனிப்பதற்குள் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. அந்த இடத்தில் பழைய டியூப்பைச் சுற்றினேன். அது பெரிய தப்பு. உள்ளே மழைத்தண்ணீர் தங்கித் துரு பிடித்ததுதான் மிச்சம்.

ஸ்பேனரில் பைப் சொருகி நட்டை முறுக்கினேன், மரை போனது. அப்புறம் பல் வைத்த வாசர். அது நன்றாகவே பிடித்தது. ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் கழற்றி மாட்டியதில், அச்சு உட்காரும் வாயைக் கடித்துப் பள்ளமாக்கிவிட்டது. செயினைக் கொஞ்சம் இறுக்கி வைத்தாலும் முறுக்கும்போது அச்சு பழைய பள்ளத்துக்கே வழுக்கும்.

கடைசியில் ஒரு வயதான சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னார்: "கண்ணு, உன்ற நட்டு ஃப்ரேமைப் புடிக்கல, பெயிண்டைத்தான் புடிச்சுட்டு இருக்குது." ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாம் ஒரே அச்சில்தானே உட்காருகின்றன? பாரம் குலுங்கக் குலுங்க நடுவிலுள்ள பெயிண்ட் நசுங்கி நட்டு தளர்ந்துவிடுகிறதாம். ஒன்றோடொன்று தொடும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, பள்ளத்தை அரம் போட்டுச் சமமாக்கி, தட்டை வாசர் போட்டார். ரெண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர், அதாவது அச்சைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் திருகு, மாட்டினார். வண்டி வாங்கும்போது இருந்ததுதான் அது, எந்தக் கடையில் கழற்றி வீசினார்களோ! இப்போது இழுப்பை அட்ஜஸ்டரின் திருகு தாங்குகிறது, நட்டு பிடித்துக்கொண்டால் மட்டும் போதும்.

செயினில் அரை இஞ்சு தளர்வு விடுகிறேன். பல்சக்கரம் சரியான வட்டமாக இருப்பதில்லை, அதனால் மிதியைச் சுற்றி, செயின் ரொம்ப இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பஞ்சர் ஒட்ட முன்னைவிட நேரம் ஆகிறது, அது ஒன்றுதான் குறை. அட்ஜஸ்டர் மரைக்கு மழைக்கு முன் கிரீஸ் தடவாவிட்டால் இறுகிப்போகும். ஒரு வருஷம் மறந்து, ஒன்றை ரம்பம் வைத்து அறுக்க வேண்டி வந்தது. பெயிண்ட் அடித்த ஃபோர்க் கம்பியில் அதற்கப்புறம் புதுக் கீறல் இல்லை.